ஏற்றினாரா, ஏற்றிக் கொண்டிருந்தாரா?
ஸ்பானிய, ரஷ்ய மொழிகளின் வினைச்சொற்கள் பற்றி



பேச்சைத் தொடங்கும் முன், நாம் செய்த ஒரு பிழையைச் சொல்லி விடுகிறோம். நாம் ஆசிரியப் பணிக்கு வந்த புதிது. தோட்டப் பள்ளி வாத்தியார் என்றால், பாடம் நடத்துவதோடு வேலை முடிந்து விடாது என்பது உங்களுக்குத் தெரியும். மனு எழுத வேண்டும். வந்த கடிதத்தைப் படித்துச் சொல்ல வேண்டும். பாரம் நிரப்பித் தர வேண்டும். ஒரு நாள் மாலை ஓர் அம்மா வந்தார். கணவருக்குக் காலில் பலத்த அடி. "குலைய லோரியில ஏத்துனாரு வாத்தியாரே, நழுவிக் கால்ல விழுந்துருச்சு" என்றார். செம்பனைக் குலை இருபது கிலோவுக்கு மேல் இருக்கும். எலும்பு முறிந்து விட்டது. இழப்பீடு கேட்டு மலாய் மொழியில் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தோம். 'ஏத்துனாரு' என்பதற்கு 'சூடா' என்ற சொல்லைப் போட்டு எழுதினோம்.

மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. ஏற்றும் வேலை முடிந்த பிறகு அவர் அந்த இடத்தில் என்ன செய்து கொண்டிருந்தார், விபத்து வேலை நேரத்தில் நடந்ததா என்று விளக்கம் கேட்டிருந்தார்கள். கேட்டவர்கள் மேல் குற்றம் இல்லை. 'சூடா' என்றால் முடிந்து விட்டது என்றுதான் பொருள். நாம் போட்டிருக்க வேண்டிய சொல் 'செடாங்'. ஏற்றிக் கொண்டிருந்தபோது விழுந்தது. இரண்டாவது கடிதம் எழுதினோம். பணம் வந்தது, ஆனால் காலம் கடந்து வந்தது. இடையில் அந்த வீட்டில் கடன் ஏறியது நமக்குத் தெரியும். "நான் சரியாத்தானே சொன்னேன்?" என்று அந்த அம்மா கேட்டார். ஆம், அவர் சரியாகத்தான் சொன்னார். தமிழில் 'ஏற்றினார்' என்றால் இரண்டுக்கும் பொருந்தும். மலாய் மொழிக்கு மாற்றும்போது நாம்தான் ஒன்றைத் தேர்ந்தெடுத்தோம்; தவறாகத் தேர்ந்தெடுத்தோம்.

அன்று முதல் இந்தச் செய்தி நம்மை விட்டபாடில்லை. ஒரு செயலைச் சொல்லும்போது அது எப்போது நடந்தது என்பது ஒன்று. நேற்றா, இன்றா, நாளையா? அதைக் காலம் என்கிறோம். அந்தச் செயலை எங்கே நின்று பார்க்கிறோம் என்பது இன்னொன்று. செயலுக்கு உள்ளே நின்று, அது நடந்து கொண்டிருப்பதைப் பார்க்கலாம். வெளியே நின்று, தொடக்கமும் முடிவும் சேர்ந்த ஒரு முழுப் பொருளாகவும் பார்க்கலாம். மொழி நூலார் இதனை வினை நோக்கு என்பார்கள். 'கொண்டிரு', 'விடு' என்ற துணைவினைகளால் தமிழில் இந்த வேறுபாட்டை நாம் காட்டுகிறோம். எழுதினான், எழுதிக் கொண்டிருந்தான், எழுதி விட்டான். ஆயினும், துணைவினை சேர்த்தே ஆக வேண்டும் என்று தமிழ் நம்மைக் கட்டாயப்படுத்துவதில்லை. வெறுமனே 'எழுதினான்' என்று சொல்லிவிட்டுப் போகலாம்.

அப்படிப் போக விடாத மொழிகள் உலகில் உண்டு. அவற்றுள் இரண்டைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம். ஒன்று ஸ்பெயினிலும், மெக்சிக்கோ முதல் அர்ஜெந்தினா வரை பரந்து கிடக்கும் நாடுகளிலும் வழங்கும் ஸ்பானிய மொழி. மற்றொன்று டால்ஸ்டாயின் ரஷ்ய மொழி. இரண்டுமே பேசுபவரை நிறுத்தி, 'உள்ளே நின்று பார்க்கிறாயா, வெளியே நின்று பார்க்கிறாயா?' என்று கேட்கின்றன. ஆனால் கேட்கும் கேள்வி ஒன்று போலத் தோன்றினாலும் ஒன்றன்று. ஒரு மொழியிலிருந்து மற்றதற்கு நாவலைக் கொண்டு போகிறவர்கள் இடறுவது அங்கேதான்.

முதலில் ஸ்பானிய மொழியைப் பார்ப்போம். அதில் இறந்த காலத்துக்கு முக்கியமாக இரண்டு வடிவங்கள். (மூன்றாவது ஒன்றும் உண்டு, அதைப் பின்னால் சொல்கிறோம்.) 'முரியோ' என்றால் இறந்தார், செயல் முடிந்தது, கதவு சாத்தியாயிற்று. 'மொரியா' என்றால் இறந்து கொண்டிருந்தார். படுக்கையருகே நாம் நிற்கிறோம், மூச்சு இன்னும் ஓடுகிறது. இரண்டும் இறந்த காலமே. வினைச்சொல்லின் வடிவம் மாறுகிறது, அவ்வளவுதான். இரண்டுக்கும் பொதுவான, எந்தப் பக்கமும் சாயாத மூன்றாவது வடிவம் கிடையாது. சொல்கிறவர் வாயைத் திறக்கும்போதே முடிவு செய்தாக வேண்டும்.

இதனால் விளையும் நுட்பங்கள் அழகானவை. 'சபியா' என்றால் அவருக்குத் தெரிந்திருந்தது. அதே வினையை முடிந்த வடிவில் 'சூபோ' என்றால் அவருக்குத் தெரிய வந்தது. அறிவு என்பது ஒரு நிலை. அதற்கு ஓர் எல்லை போட்டால், அந்த நிலை தொடங்கிய நொடி கண்ணில் படுகிறது. 'நோ கெரியா' என்றால் அவருக்கு விருப்பம் இல்லாதிருந்தது. 'நோ கிசோ' என்றால், பெரும்பாலும், அவர் மறுத்து விட்டார். விருப்பமின்மை மனத்தில் கிடப்பது வேறு, அது ஒரு செயலாக வெளியே வந்து முடிவது வேறு அல்லவா?

இந்த வேறுபாட்டின் மேலேயே ஒரு நாவல் நிற்கிறது என்று சொன்னால் மிகையில்லை. கொலம்பியா நாட்டு எழுத்தாளர் கப்ரியேல் கார்சியா மார்க்கெஸ் 1981 ஆம் ஆண்டில் வெளியிட்ட சிறிய நாவல் அது. முன்கூட்டியே அறிவிக்கப்பட்ட ஒரு சாவின் வரலாறு என்பது தலைப்பின் பொருள். ஒரு சிற்றூர். சந்தியாகோ நாசார் என்ற இளைஞனைக் கொல்லப் போவதாக இரட்டைச் சகோதரர்கள் இருவர் கண்டவரிடமெல்லாம் சொல்லித் திரிகிறார்கள். திருமண இரவில் கணவனால் திருப்பி அனுப்பப்பட்ட தங்கைக்காகப் பழி வாங்க வேண்டும் என்பது காரணம். ஊரில் ஏறத்தாழ எல்லாருக்கும் செய்தி தெரிகிறது. கொல்லப்படப் போகிறவனுக்கு மட்டும் கடைசி வரை தெரியவில்லை. கதையைச் சொல்கிறவர் 27 ஆண்டுகள் கழித்து அவ்வூருக்குத் திரும்பி வந்து, ஒவ்வொருவரையும் விசாரிக்கிறார்.

அவர் விசாரிப்பது என்ன? யாருக்கு ஏற்கனவே தெரிந்திருந்தது, யாருக்கு எந்த நொடியில் தெரிய வந்தது என்பதைத்தான். முன்னமே தெரிந்திருந்தும் வாய் திறக்காதவருக்கும், கடைசி நேரத்தில் தெரிய வந்து, ஓடியும் பயன் இல்லாமற் போனவருக்கும் குற்றத்தில் ஒரே பங்கு உண்டா? ஸ்பானிய மொழியில் இதைக் கேட்பதற்குத் தனியாக விளக்கவுரை வேண்டியதில்லை. ஒரே வினையின் இரண்டு முடிவுகள் போதும். தமிழில் 'தெரிந்தது' என்று மட்டும் எழுதினால் இந்த விசாரணையே மங்கிப் போகும். 'தெரிந்திருந்தது', 'தெரிய வந்தது' என்று கவனமாகப் பிரித்து எழுத வேண்டும்.

இந்த நாவலின் முதல் வாக்கியத்திலேயே இரண்டு நோக்கும் அடுத்தடுத்து வருகின்றன. அவனைக் கொல்லப் போவது, நடந்து கொண்டிருக்கும் வடிவில். அவன் அன்று காலை எழுந்தது, முடிந்த வடிவில். கொலை இன்னும் முடியாத ஒன்றாகப் பின்னணியில் நிற்கிறது. அதன் முன்னால் ஒரு மனிதன் சாதாரணமாகப் படுக்கையை விட்டு எழுகிறான். படிக்கிற நமக்கு முதல் வாக்கியத்திலேயே நெஞ்சு படபடக்கிறது என்றால், அதில் அந்த வினை வடிவங்களுக்கும் பங்கு உண்டு.

இனி ரஷ்ய மொழிக்கு வருவோம். அங்கே வினைச்சொல்லின் வால் மட்டும் மாறுவதில்லை. அகராதியிலேயே ஏறக்குறைய ஒவ்வொரு செயலுக்கும் இரண்டு வினைகள் இணையாக நிற்கின்றன. ஒன்று நிறைவு பெறாத நோக்கு, மற்றொன்று நிறைவு பெற்ற நோக்கு. 'பிசால்' என்றால் எழுதினான் அல்லது எழுதிக் கொண்டிருந்தான். அதன் முன்னே 'ந' என்ற ஓர் ஒட்டைச் சேர்த்து 'நபிசால்' என்றால் எழுதி முடித்தான். சில வினைகளில் ஒட்டு முன்னே வரும். சிலவற்றில் நடுவே ஓசை மாறும். ரஷ்ய மொழி கற்கும் அயல்நாட்டார் ஒவ்வொரு வினையையும் இரட்டையாக மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கிறது. பாவம், அவர்கள் படும் பாட்டை நாம் எண்ணிப் பார்க்கலாம்.

நமது மாணவர்களுக்கு நெருக்கமான ஓர் எடுத்துக்காட்டைச் சொல்கிறோம். தேர்வு என்ற சொல்லோடு 'ஸ்தவால்' என்ற வினையைச் சேர்த்தால், தேர்வு எழுதினான் என்று பொருள். அதன் இணையான 'ஸ்தால்' என்பதைச் சேர்த்தால், தேறி விட்டான் என்று பொருள். 'ஸ்தவால்' ஆனால் 'ஸ்தால்' இல்லை என்று ரஷ்யர் சொன்னால், தேர்வு எழுதினான், தேறவில்லை என்று புரிந்து கொள்ள வேண்டும். ஒரே வேர், இரண்டு நோக்கு. இடையில் ஒரு பிள்ளையின் ஓராண்டு உழைப்பு. ஸ்பானிய மொழியில் இதை ஒரே வினையால் சொல்ல வழியில்லை. தேர்வுக்குச் சென்றான் என்பதற்கு ஒரு வினை, தேறினான் என்பதற்கு வேறொரு வினை. தமிழும் அப்படித்தான்.

மற்றொரு வேடிக்கை. ரஷ்ய மொழியில் நிறைவு பெற்ற வினைக்கு நிகழ் காலமே கிடையாது. எண்ணிப் பார்த்தால் நியாயந்தான். இப்போது நடந்து கொண்டிருக்கிற ஒன்றை, முடிந்து போன முழுப் பொருளாக எப்படிப் பார்ப்பது? ஆகவே அந்த வினையை நிகழ் கால வடிவில் வைத்தால் அது தானாகவே எதிர் காலத்தைக் குறிக்கிறது. 'பிஷூ' என்றால் எழுதுகிறேன். 'நபிஷூ' என்றால் எழுதி முடிப்பேன். இது ஏதோ வடதுருவத்து விந்தை என்று எண்ண வேண்டாம். "கணக்கைப் போட்டு விடுகிறேன், சார்" என்று ஒரு மாணவன் சொல்கிறான். வடிவம் நிகழ் காலம். ஆனால் அவன் இன்னும் நோட்டைத் திறக்கவே இல்லை! 'விடு' வந்து சேர்ந்ததும் நமது நிகழ் காலமும் எதிர் காலத்துக்கு ஓடி விடுகிறது.

சரி, இரு மொழிகளிலும் நடப்பது ஒரு வடிவம், முடிந்தது ஒரு வடிவம் என்று இருக்கிறதே. ஸ்பானிய முடிந்த வடிவத்துக்கு ரஷ்ய நிறைவு வினையைப் போட்டு விட்டால் மொழிபெயர்ப்பு முடிந்ததல்லவா? பல இடங்களில் அது பொருந்தும். பொருந்தாத இடங்கள்தாம் சுவையானவை.

'அவர் அங்கே இருபது ஆண்டுகள் வாழ்ந்தார்.' ஸ்பானியர் இதற்கு முடிந்த வடிவத்தைப் போடுவார். இருபது ஆண்டுகள் என்று வேலி கட்டியாயிற்று; உள்ளே எவ்வளவு காலம் ஓடினாலும் கவலையில்லை, வேலி இருந்தால் அது முழுப் பொருள். ரஷ்யரோ இதே இடத்தில் இயல்பாக நிறைவு பெறாத வினையைப் போடுவார். அவருடைய கேள்வி வேலியைப் பற்றியதன்று. அந்த வாழ்வினால் ஏதாவது ஒன்று முடிவுக்கு வந்ததா, ஒரு விளைவை எட்டியதா என்று அவர் பார்க்கிறார். வாழ்வது என்பது எதையும் எட்டுவதற்காகச் செய்கிற வேலை அல்லவே. எத்தனை ஆண்டு என்று எண்ணிச் சொன்னாலும் அது வாழ்ந்ததுதான். இருபது ஆண்டையும் ஒரு மொத்தமாகக் கட்டிக் காட்ட விரும்பினால், அதற்கென ஓர் ஒட்டைச் சேர்த்து வேறு வினை செய்து கொள்வார். ஆக, ஸ்பானிய மொழி எல்லையைக் கேட்கிறது. ரஷ்ய மொழி பெரும்பாலும் நிறைவைக் கேட்கிறது. நமக்குத் தெரிந்த வரையில், இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டின் முடிச்சு இதுதான்.

இன்னோர் இடம். ஒருவரைப் பார்த்து, 'அந்த நாவலைப் படித்திருக்கிறீர்களா?' என்று கேட்கிறோம். ரஷ்யர் 'ச்சித்தால்' என்ற நிறைவு பெறாத வினையால் கேட்பார். அவர் முழுவதும் படித்து முடித்தவராகவே இருக்கலாம். ஆனாலும் கேள்வி, அப்படி ஓர் அனுபவம் உண்டா என்பதே. 'பிரச்சித்தால்' என்ற நிறைவு வினையால் கேட்டால் தொனி மாறி விடும். படிப்பதாகச் சொன்னீர்களே, முடித்து விட்டீர்களா என்று ஆகும். மலாய் மொழி பேசத் தெரிந்த நமக்கு இது புதிதன்று. 'பெர்னா' போட்டுக் கேட்பதும் 'சூடா' போட்டுக் கேட்பதும் ஒன்றா? முன்னது அனுபவம், பின்னது முடிந்ததா என்ற விசாரணை. ஸ்பானியரோ முடிந்து போன அனுபவத்தை நிறைவுறாத வடிவில் கேட்க மாட்டார்.

ஜன்னலைத் திறப்பதிலும் இப்படி ஒரு நுட்பம் உண்டு. யாரோ ஜன்னலைத் திறந்தார் என்பதை நிறைவு வினையால் ரஷ்யர் சொன்னால், ஜன்னல் இன்னும் திறந்தே இருக்கிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். நிறைவு பெறாத வினையால் சொன்னால், திறந்து, பிறகு மூடியும் விட்டார்கள் என்ற எண்ணம் எழும். ஸ்பானிய மொழியில் இரண்டுக்கும் ஒரே வடிவந்தான் வரும். ரஷ்ய நாவலில் ஒரு திருட்டைத் துப்பறிகிறவர் அந்த வினையைச் சொல்லி விட்டால், ஸ்பானிய மொழிபெயர்ப்பாளர் 'பிறகு மூடி விட்டார்' என்று ஒரு சொல் கூட்ட வேண்டும். அல்லது போகட்டும் என்று விட்டு விட வேண்டும். விட்டு விட்டால் துப்புப் போய் விடும்.

மொழிபெயர்ப்பாளர் ஒருவர் எப்படிச் சிந்தித்தார் என்பதை நேரடியாகக் காணவும் ஓர் இடம் இருக்கிறது. செர்வாந்தெஸ் எழுதிய 'தோன் கிஹோத்தே' நாவலின் முதற் பகுதி 1605 ஆம் ஆண்டிலும், இரண்டாம் பகுதி 1615 ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. வீரக் கதைகளைப் படித்துப் படித்துப் புத்தி பேதலித்த ஒரு கிராமத்துக் கனவானின் கதை. ரஷ்யாவில் கவிஞர் ழுக்கோவ்ஸ்கி 1804 முதல் 1806 வரை இதனை வெளியிட்டார். ஆனால் அது பிரெஞ்சு மொழியில் இருந்த ஒரு தழுவலைப் பார்த்துச் செய்தது. பலரும் போற்றும் நேர் மொழிபெயர்ப்பு நிக்கொலாய் லியுபீமவ் என்பவருடையது. 1951 ஆம் ஆண்டில் வெளிவந்தது.

முதல் அதிகாரத்தில் கனவானின் வழக்கங்களைச் சொல்லும்போது செர்வாந்தெஸ் நடந்து கொண்டிருக்கும் வடிவத்தைப் பயன்படுத்துகிறார். என்ன சாப்பிடுவார், இரவெல்லாம் எப்படிப் படிப்பில் கழியும் என்றெல்லாம் சொல்லி வருகிறார். பிறகு, தூக்கம் குறைந்து படிப்பு மிகுந்ததால் அவருடைய மூளை வறண்டு போனது என்று சொல்லும் இடத்தில், சட்டென்று முடிந்த வடிவம் வருகிறது. ஒரே வெட்டு. வழக்கம் நின்றது, கதை தொடங்கி விட்டது.

லியுபீமவ் அங்கே நேருக்கு நேரான நிறைவு வினையைப் போடவில்லை. மூளை வறளத் தொடங்கியது என்றும், இறுதியில் அறிவை அடியோடு இழந்து விட்டார் என்றும் எழுதினார். செர்வாந்தெஸ் வெளியே நின்று சொன்னதை இவர் கதவைத் திறந்து உள்ளே கூட்டிப் போகிறார். வறண்டு வருவதை நாம் கொஞ்ச நேரம் பார்க்கிறோம். நிறைவு வினையைக் கடைசியில், அறிவு போன இடத்தில் வைக்கிறார். இது பிழையா? நாம் அப்படி நினைக்கவில்லை. மூளை ஒரே நாளில் வறண்டு விடாது என்பதை ரஷ்யச் செவி கேட்க விரும்பியிருக்கும். ஆனாலும் மூலத்தின் அந்த ஒரே வெட்டில் ஒரு குறும்பு இருக்கிறதே, அது சற்றுக் குறைந்துதான் போயிற்று.

எதிர்த் திசையில் போனவர்களையும் சொல்ல வேண்டும். ரஷ்ய நாவல்கள் ஸ்பானிய வாசகரிடம் தொடக்கத்தில் பெரும்பாலும் பிரெஞ்சு வழியாகவே போய்ச் சேர்ந்தன. பிரெஞ்சு மொழியிலும் ஸ்பானிய மொழியைப் போலவே இரண்டு இறந்த கால வடிவங்கள் உண்டு. ஆகவே பிரெஞ்சுக்காரர் எந்த வடிவத்தைத் தேர்ந்தெடுத்தாரோ அதையே இவர்கள் பின்பற்றினால் போதும். டால்ஸ்டாயின் கண்ணை அவர்கள் பார்க்கவில்லை. பிரெஞ்சுக்காரரின் கண்ணைப் பார்த்தார்கள். பிறகு 1936 இல் ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் மூண்டது. 1937, 1938 ஆம் ஆண்டுகளில் ஏறத்தாழ 3000 பிள்ளைகளைக் கப்பலேற்றிச் சோவியத் யூனியனுக்கு அனுப்பி வைத்தார்கள். பெற்றோரைப் பிரிந்து போன அந்தப் பிள்ளைகள் இரு மொழியும் பேசி வளர்ந்தார்கள். அவர்களுள் சிலர் மொழிபெயர்ப்பாளர் ஆனார்கள். போரில் தோற்று அடைக்கலம் புகுந்த பெரியவர்களும் இருந்தார்கள். அகுஸ்தோ விதால் தஸ்தயேவ்ஸ்கியின் நாவல்களையும், ஹொசே லாயின் எந்த்ரால்கோ டால்ஸ்டாயின் எழுத்துகளையும் ஸ்பானிய மொழிக்குக் கொண்டு வந்தவர்கள். ரஷ்ய வினை இணைகளைச் சந்தையிலும் பணியிடத்திலும் காதால் கேட்டு வாழ்ந்தவர்கள் அவர்கள்.

தமிழர் நாம் ரஷ்ய நாவல்களைப் படித்த கதையும் இதிலிருந்து வெகு தூரமில்லை. டி. எஸ். சொக்கலிங்கம் அவர்களின் 'போரும் வாழ்வும்' ஆங்கிலத்தின் வழியாக வந்தது. ஆங்கிலத்தின் எளிய இறந்த காலம் நமது 'எழுதினான்' போன்றது. எந்தப் பக்கமும் சாயாமல் நிற்கும். ரஷ்ய மூலத்தில் இருந்த வேறுபாடு அங்கேயே பல இடங்களில் கரைந்து விடுகிறது. கரைந்து போனதைத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் எங்கிருந்து மீட்பார்? நம்மிடம் 'விடு'வும் 'கொண்டிரு'வும் இருந்தும், எங்கே வைப்பது என்று சொல்ல ஆளில்லை.

கடைசியாக, நமக்கு மிகவும் பிடித்த ஒரு கதை. டால்ஸ்டாயின் 'இவான் இலியீச்சின் மரணம்', 1886 ஆம் ஆண்டில் வெளிவந்தது. இவான் இலியீச் ஒரு நீதிபதி. 45 வயதில் நோய்வாய்ப்பட்டு இறக்கிறார். ஆனால் கதை நோயில் தொடங்கவில்லை. நீதிமன்றக் கட்டடத்தில் உடன் பணியாற்றும் கனவான்கள் கூடிப் பேசிக் கொண்டிருக்கிறார்கள். அவர்களுள் ஒருவர் செய்தித்தாளில் பார்த்து, இவான் இலியீச் இறந்து விட்டதை அறிவிக்கிறார். அங்கே வரும் வினை 'ஊமெர்', நிறைவு பெற்றது. கேட்டவர்கள், இனி அந்தப் பதவி யாருக்குக் கிடைக்கும் என்று மனத்துக்குள் கணக்குப் போடுகிறார்கள். அவர்களுக்கு அது முடிந்து போன ஒரு செய்தி.

பிறகு டால்ஸ்டாய் நம்மைப் பின்னோக்கி அழைத்துச் செல்கிறார். நடுவில், தாம் இறந்து கொண்டிருப்பதை இவான் இலியீச் காணும் இடம் வருகிறது. இப்போது வினை 'உமிராயெத்'. நிறைவு பெறாதது, அதிலும் நிகழ் காலம். அவர் கண்டது நேற்றானாலும், கண்ட அந்த உண்மை இப்போதே என்று ரஷ்ய மொழி வைக்கிறது. ஸ்பானிய மொழியில் இந்த நிகழ் காலம் நிற்காது. கண்டதும், இறந்து கொண்டிருந்ததும் இரண்டுமே நடந்து கொண்டிருக்கும் இறந்த கால வடிவத்துக்குப் போய் விடும். சற்றுத் தள்ளி நின்று பார்ப்பது போல ஆகி விடுகிறது. இந்த இடத்தில் ரஷ்ய மொழியின் பக்கமே நமது மனம் சாய்கிறது.

முடிவில், மூச்சை உள்ளிழுத்து, பாதியில் நின்று, உடலை நீட்டி, அவர் இறக்கிறார். நான்கும் நிறைவு வினைகள். கதையின் கடைசிச் சொல் மறுபடியும் 'ஊமெர்'. முதற் பக்கங்களில் செய்தித்தாளில் இருந்து வந்த அதே சொல். ரஷ்ய மொழியில் ஓர் எழுத்தும் மாறவில்லை. ஸ்பானியருக்கு இங்கே ஒரு சங்கடம். முன்பு சொன்ன மூன்றாவது வடிவம் இப்போது குறுக்கிடுகிறது. சற்று முன் கிடைத்த செய்தியாகச் சொல்லும்போது ஸ்பெயின் நாட்டார் பெரும்பாலும் 'ஆ முவெர்த்தோ' என்ற இரட்டைச் சொல் வடிவத்தைப் பயன்படுத்துவார்கள். கதை நிகழ்வாகச் சொல்லும்போது 'முரியோ' என்பார்கள். செய்தியில் முன்னதையும் இறுதியில் பின்னதையும் போட்டால் பேச்சு இயல்பாக இருக்கும். ஆனால் ஒரே சொல் திரும்பி வரும் அந்த அடி விழாது. லத்தீன் அமெரிக்காவில் இருப்பவர் இரண்டு இடத்திலும் 'முரியோ' என்றே எழுதலாம். அங்கே பல நாடுகளில் பேச்சும் அப்படியே.

இந்தக் கதையைச் சுருக்கமாக ஒரு மாலை வகுப்பில் சொல்லி, அந்த ஒரு வினையைத் தமிழில் எப்படிப் போடுவீர்கள் என்று கேட்டோம். வகுப்புக்கு வந்தவர்கள் பெரும்பாலும் தாய்மார்கள். 'இறந்தார்', 'இறந்து விட்டார்', 'இறந்து போனார்' என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். தொடக்கத்துக்கு 'விட்டார்' போடலாம், முடிவுக்கு 'போனார்' போடலாம் என்று ஒருவர் சொன்னார். பின் வரிசையில் இருந்த ஒரு பாட்டி மட்டும் தலையை ஆட்டினார். "மொதல்ல பேப்பர் பாத்துச் சொல்றவங்க 'செத்துட்டாரு'ன்னுதான் சொல்வாங்க, வாத்தியாரே. ஆனா கடைசில, பக்கத்துல இருந்து பாத்துட்டிருக்கோமே, அங்க 'விட்டாரு'ம் வேணாம், 'போனாரு'ம் வேணாம். வெறும் 'செத்தாரு' போதும்" என்றார்.

நாம் கரும்பலகையில் இருந்த மற்ற இரண்டையும் அழித்தோம்.